தெர்மாகோல் செங்கல்

என் அம்மாவின் தம்பிக்குத் தொழில், மாடி மாடியாக ஏறி டிஷ் மாட்டுவது. ஊருக்குள் அவருக்குப் பேர் 'அரைச்செங்கல்'. ஆள் குட்டை என்பதால் வந்த பேர் என்று நினைத்தால் தப்பு. ஸ்பேனர், ரசமட்டம், பேட்டரி டிரில் இவற்றோடு அவர் பையில் எப்போதும் ஒரு அரைச்செங்கல் இருக்கும். பல மொட்டைமாடிக் கதவுகள் காற்றில் அடித்தால் தானே பூட்டிக்கொள்ளும்; கைப்பிடி உள்பக்கம் மட்டும்தான். ஒருமுறை அப்படி மாட்டிக்கொண்டு காலையிலிருந்து பொழுது சாயும்வரை தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருந்தாராம். அன்றிலிருந்து முதலில் கதவுக்கு முட்டு, பிறகுதான் மற்றதெல்லாம்.

எங்கள் வீட்டுக்கு அவரே ஒரு முட்டு. அப்பா சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போன ஆறு வருஷமாக அம்மா, நான், என் தம்பி மூன்று பேரும் அவர் மேல்தான் சாய்ந்திருக்கிறோம். நான் ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்துக்குப் பெரிய கும்பிடு போட்டபோது, "வீட்ல விட்டா ஊரையே வித்துடுவ, என்கூட வாடி" என்று வண்டியில் ஏற்றிக்கொண்டார்.

ஒரு வியாழக்கிழமை, பஞ்சர் கடையில் நிற்கும்போது சொன்னார்.

"கப்பல்ல பெரிய டிஷ் மாட்டுற வேலை. ரெண்டு வருஷம். ஞாயித்துக்கிழமை நாலு மணிக்கு பஸ் ஸ்டாண்டுக்கு வேன் வரும். நின்னா ஏத்திக்குவாங்க, இல்லன்னா அடுத்த ஆளு."

"அம்மாவுக்குத் தெரியுமா?"

"சொல்லணும். நீ வாயைத் திறக்காத."

மாமா கடலைப் பார்த்ததே இல்லை. எத்தனையோ வீட்டுக்கு உலகத்தையே இறக்கிக் கொடுத்தவர், எங்கள் தெருவைத் தாண்டித் தூங்கியதில்லை.

ஞாயிறு காலை வரைக்கும் அம்மாவிடம் சொல்லவில்லை. துணிப்பையை மட்டும் வண்டியின் பக்கவாட்டில் கட்டியிருந்தார். ஒப்புக்கொண்ட வேலை ஒன்று பாக்கி; முடித்துவிட்டு அப்படியே போவதாக ஏற்பாடு.

நானும் ஒரு ஏற்பாடு செய்திருந்தேன். தெர்மாகோலை வெட்டி, செங்கல் பொடியும் பசையும் பூசி, அச்சு அசல் ஓர் அரைச்செங்கல். மாடியில் வைத்து மாமா தலையைக் குறிபார்த்து எறிவது, அவர் அலறிக் குனிவது, கடைசி நாளில் ஒரு சிரிப்பு. நிஜச் செங்கலை வீட்டு வாசலில் விட்டுவிட்டேன்.

விடுமுறையால் பூட்டிக் கிடந்த மூன்று மாடி அலுவலகம் அது. முதலாளி சாவி கொடுத்திருந்தார்; திறந்த வாசல் கதவை மூடாமல் விட்டோம். மாமா போனை வண்டிப் பெட்டியிலேயே வைத்துவிட்டு ஏறினார். போன் பக்கத்தில் இருந்தால் திசைகாட்டி முள் பொய் சொல்லும் என்பது அவர் சட்டம். என்னிடம் போன் கிடையாது, கையில் ஒரு பழைய வாட்ச் மட்டும்.

"கதவுக்கு வெச்சியா?"

"வெச்சாச்சு மாமா."

வேண்டியபோது எடுத்து எறியலாம் என்று அதையேதான் வைத்தேன்.

மாமா திசைகாட்டியை உள்ளங்கையில் வைத்துத் தென்கிழக்கே திரும்பினார். மரம், தொட்டி எதுவும் மறைக்கவில்லை. தரையைச் சுத்தியலால் தட்டிக் கேட்டார். சத்தம் பொள்ளலாக இருந்த இடத்தை விட்டு இரண்டடி தள்ளி, டிஷ் கம்பத்தின் அடித்தட்டை வைத்து நான்கு துளைக்கும் சுண்ணக்கட்டியால் புள்ளி வைத்தார். நாலாவது துளை போடும்போது காற்று வந்தது. கதவு அறைந்தது. செங்கல் குதித்துக் குதித்து ஓடிவந்து மாமாவின் காலடியில் நின்றது.

"ஏண்டி, செங்கல் எப்பலேர்ந்து பறக்க ஆரம்பிச்சுது?"

 அதைக் கையில் எடுத்துப் பார்த்தார்.

"மூலையைக்கூட அதே மாதிரி உடைச்சிருக்க."

திட்டியிருக்கலாம். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கதவின் கீல்கள் உள்பக்கம். இரும்புத் தகடு டிரில்லைப் பார்த்துச் சிரித்தது. கத்தினோம், கீழே இஸ்திரிக்காரரின் ரேடியோ எங்களைவிட நன்றாகக் கத்தியது. ஏதாவது எறியலாம் என்றேன். "எவன் மண்டையிலயாவது விழும்" என்று மறுத்துவிட்டார்.

பிறகு வேலையைத் தொடர்ந்தார். துளைக்குள் ரப்பர் குழாய் விட்டு ஊதினார். தூசி இருந்தால் போல்ட் பிடிக்காது. கம்பத்தை நிறுத்தி ரசமட்டத்தை ஒரு பக்கம் வைத்தார், மறுபக்கம் வைத்தார், குமிழி நடுவில் நின்றது. திரும்பவும் வைத்தார். நிமிர்ந்த கம்பத்தை அவ்வளவு முறை யாரும் பார்க்க மாட்டார்கள். அப்புறம் நடக்க ஆரம்பித்தார். நீளவாக்கில் பதினான்கு எட்டு, குறுக்கே பதினொன்று.

"மணி என்ன?"

"ரெண்டு."

அந்த ரெண்டு மணிக்கே எனக்கு யோசனை வந்துவிட்டது. வயரின் நுனியில் தெர்மாகோலைக் கட்டி இஸ்திரிக்காரர் மூக்குக்கு நேராக இறக்க வேண்டும். விழுந்தாலும் யாருக்கும் அடிபடாது. வாயில் வந்த யோசனையை விழுங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாலு மணி தாண்டட்டும். மாமா வீட்டுக்கு வருவார், அம்மாவுக்கு எதுவும் தெரியாது, எல்லாம் பழையபடி.

மூன்றரைக்கு அவர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பஸ் ஸ்டாண்டு இருக்கும் திசை அது. முதுகுதான் தெரிந்தது. அந்த முதுகைப் பார்த்திருக்கக் கூடாது.

"மாமா, வயரை எடுங்க."

செங்கல் அந்தரத்தில் ஆடிக்கொண்டே இறங்கியது. இஸ்திரிக்காரர் நிமிர்ந்தார், பெட்டியைப் போட்டுவிட்டுத் தெருவின் அந்தப் பக்கம் ஓடினார், அங்கிருந்து எங்களைப் பார்த்தார். அவர் திட்டிக்கொண்டே மூன்று மாடி ஏறிக் கதவைத் திறந்தபோது நாலு மணிக்குப் பத்து நிமிஷம்தான் இருந்தது. "டிஷ் மாட்ட வந்தா ஊரான் தலையில கல்லு இறக்குவீங்களாய்யா?"

பஸ் ஸ்டாண்டுக்கு இருபத்தைந்து நிமிஷம். மாமா பதினெட்டில் ஓட்டினார். வேன் நின்ற இடத்தில் எண்ணெய்த் துளி மட்டும் இருந்தது.

வண்டியை அணைக்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார்.

"மாமா, அந்த வயர் யோசனை எனக்கு ரெண்டு மணிக்கே..."

"தெரியும். அப்பதான் நீ பேசறதை நிறுத்தின."

வீட்டுக்கு வந்ததும் அம்மா துணிப்பையைப் பார்த்து, "சலவைக்குப் போட்டியா?" என்றாள். "ஆமாக்கா" என்றார்.

இப்போதும் நாங்கள் மாடி ஏறுகிறோம். செங்கலை என்னிடம் கொடுக்குமுன் ஒருமுறை கையில் தூக்கி எடை பார்க்கிறார். நான் அதை வைத்துவிட்டு, அவர் திசைகாட்டியைப் பார்க்கும் நேரத்தில், திரும்பப் போய்க் கதவை ஒருதரம் இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.