இரண்டு இருந்தால் ஒன்று

என் அக்கா புருஷன் சாவிக்காரர். கடைத்தெரு முனையில் ஒரு ஸ்டூல், ஒரு அரம், அதுதான் கடை. ஊருக்கெல்லாம் இரண்டாவது சாவி ராவிக் கொடுத்தே பிழைத்த மனுஷன், தன் வீட்டில் இரண்டாவதாக ஒரு கரண்டியைக்கூடத் தங்க விட்டதில்லை. "ஒண்ணு நமக்கு, இன்னொண்ணு இல்லாதவங்களுக்கு" என்பார். போர்வை இரண்டு இருந்தால் ஒன்று போய்விடும். அம்மா அக்காவுக்குப் போட்ட வளையல்களில் ஒன்று, எவளோ ஒருத்தியின் பிரசவத்துக்குப் போனது. தெருவே அவரை 'வள்ளல்' என்றது. குளிரில் நடுங்கியவள் என் அக்கா, பேர் வாங்கியவர் இவர். நல்லவேளை, அக்காவுக்கு நான் ஒரே தங்கை.

வீட்டுக்கும் ஒரே சாவிதான். அது எப்போதும் அவர் சட்டைப் பையில் இருக்கும்.

"சாவிக்காரர் பொண்டாட்டிக்கு ஒரு சாவி கிடையாதா மாமா?" என்று ஒருமுறை கேட்டே விட்டேன்.

"வீடு ஒண்ணுதானே, சாவி எதுக்கு ரெண்டு?" என்று சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும்.

அவர்களுக்குப் பெண் பிள்ளைகள் இரண்டு. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

பக்கத்துத் தெரு கண்ணாடிக் கடைக்காரருக்குப் பிள்ளை இல்லை. அவர் மனைவி சாவி போட வந்த இடத்தில் அதைச் சொல்லி அழுதிருக்கிறாள். அவ்வளவுதான், ஆறு வயதுச் சின்னவளைக் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் அங்கே விட்டுவிட்டு வந்தார். அக்கா காலில் விழுந்து கதறினாள்.

"எதுக்கு அழற? நமக்குத்தான் இன்னொண்ணு இருக்கே" என்றார்.

அக்கா போய்ப் பிள்ளையைத் தூக்கி வந்துவிடுவாள் என்று, மறுநாள் காலை அவளை உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுக் கடைக்குப் போனார். நான் போனபோது, தானாகவே ஓடி வந்திருந்த சின்னவள் வெளியே நின்று கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள். உள்ளிருந்து அக்காவும் தட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, திறம்மா!"

"சாவி இல்லடி கண்ணு!"

கடைக்கு ஓடினேன். பாவி மனுஷன் சாவியைத் தரவில்லை. "ரெண்டு நாள்ல பழகிடுவா" என்று ராவிக்கொண்டே இருந்தார். நான் திரும்பி வருவதற்குள் கண்ணாடிக்காரர் வந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு அக்கா சிரித்து நான் பார்க்கவில்லை. அப்படியே போய்ச் சேர்ந்தாள். பெரியவள் வேலை கிடைத்ததும் கண்காணாத தேசத்துக்குப் போனாள், போன் செய்தால் எடுப்பதில்லை. இவருக்குக் கை நடுங்க ஆரம்பித்தது. அரம் பிடிக்க முடியவில்லை, கடை போனது, வீடும் போனது. வள்ளல் என்று சொன்ன வாய்களில் ஒன்றாவது எட்டிப் பார்க்க வேண்டுமே!

"சின்னவ இருக்காளே, ஒரு மூலை தரமாட்டாளா? நீயும் கூட வாம்மா" என்றார். என்னதான் நடக்கிறது பார்ப்போம் என்றுதான் போனேன், பொய் சொல்வானேன்.

"வாங்க சித்தி" என்று சின்னவள் கதவைத் திறந்தாள். உள்ளே கண்ணாடிக்காரர், கிழவராகி, அவள் மகளுக்குத் தலை வாரிக்கொண்டிருந்தார்.

"நான்தாம்மா, உங்கப்பா" என்றார் இவர்.

அவள் கத்தவில்லை. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்து முடிக்கும்வரை நின்று டம்ளரை வாங்கிக்கொண்டாள்.

"அப்பா உள்ள ஒருத்தர் இருக்காருங்க. எனக்கு எதுக்கு ரெண்டு? அப்பா இல்லாதவங்க யாராவது இருப்பாங்க, அங்க போய்ப் பாருங்க."

கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். அவர் தட்டினார், மறுபடியும் தட்டினார். தட்டட்டும் என்று நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.