கண் மூடும் பொம்மையின் விலை

எனக்குப் பத்து வயதாக இருந்தபோது கிறிஸ்மஸுக்குக் கிடைத்த பொம்மைக்கு, அன்று மத்தியானத்துக்குள்ளேயே இரண்டு விலை ஆகிவிட்டது.

காலைப் பூசை முடிந்து வந்ததும் அப்பா பரணில் கையை விட்டு, விறகுக்குப் பின்னாலிருந்து ஓர் அட்டைப் பெட்டியை எடுத்து என்னிடம் கொடுத்தார். உள்ளே ஒரு பொம்மை. படுக்க வைத்தால் கண்ணை மூடும், நிமிர்த்தினால் திறக்கும். மூன்று வயதுத் தம்பிக்கு ஓர் ஊதலும் கொஞ்சம் பலூனும். அவன் ஊதலை வாயிலிருந்து எடுக்கவே இல்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் அம்மா அப்பாவிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

"இது எவ்வளவுங்க?"

"ஆறு ரூவா."

"ஒரு பொம்மைக்கா? மூணு நாளு சம்பளம்ங்க அது."

"வருசத்துல ஒரு நாளுதானே புள்ள."

அதோடு பேச்சு முடிந்தது. மத்தியானம் எங்கள் லயத்து வரிசை வீடுகளில் அடுத்த காம்பராவில் குடியிருந்த அக்கா, கையில் பலகாரத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தீபாவளிக்கு அவர்கள் கொடுப்பதும் கிறிஸ்மஸுக்கு நாங்கள் கொடுப்பதுமாக எப்போதும் ஒரு தட்டு இரண்டு வீட்டுக்கும் போய்வரும். அன்று அதைத் திருப்பிக் கொடுக்க வந்தவர் பொம்மையைப் பார்த்து அப்படியே உட்கார்ந்துவிட்டார். படுக்க வைத்தார், நிமிர்த்தினார், மறுபடி படுக்க வைத்தார்.

"என்ன வெல இது?"

"பதினஞ்சு ரூவா," என்றாள் அம்மா.

நான் அம்மாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அக்கா போனதும் கேட்டேன்.

"அப்பா ஆறுன்னுதானே சொன்னாரு?"

"ஆறுன்னு சொன்னா அவ ஒரு தடவ பாத்துட்டுப் போயிருவா. நீ போயி வெளையாடு."

நான் விளையாடப் போனேன், ஆனால் விளையாடவில்லை. ஆறா, பதினைந்தா? ஒரு பொருளுக்கு ஒரு விலைதானே இருக்க முடியும் என்று அப்போது நினைத்துக்கொண்டிருந்தேன். அது எது என்று தெரிந்தே ஆகவேண்டும் போலிருந்தது.

நாங்கள் இருந்த தேயிலைத் தோட்டம் இலங்கை மலைநாட்டில், இறம்பொடைக்கு மேலே, நுவரெலியாவுக்குப் போகிற பாதையில் இருந்தது. அம்மா மலையில் கொழுந்து பறித்தாள். அப்பா தேயிலை ஆலையில் அடுப்பு பார்த்தார். தோட்டம் முழுவதிலும் கத்தோலிக்கக் குடும்பங்கள் ஐந்துதான். மாதா கோயில் நாலு மைல் தள்ளி இருந்தது. சாமியார் மாதத்துக்கு ஒருமுறை வருவார். மற்ற நாட்களில் உபதேசியார்தான் கோயிலைப் பார்த்துக்கொண்டார்.

அந்த டிசம்பரில் நாலு ஞாயிற்றுக்கிழமையும் அப்பா விடிவதற்குள் எழுந்து கம்பளியைப் போர்த்திக்கொண்டு வெளியே போனார். கிறிஸ்மஸ் பூசைக்குக் கோயிலில் புதிய பாட்டுப் பழக்குகிறார்கள், உபதேசியார் வரச் சொன்னார் என்றார். பொழுது சாயும்போது திரும்பி வருவார். அம்மா அதை மற்றவர்களிடம் கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள். அவருக்குப் பாடவரும் என்பது அதற்கு முன் எங்களில் யாருக்கும் தெரியாது.

கிறிஸ்மஸ் அன்று பூசையில் அந்தப் புதிய பாட்டைப் பாடினார்கள். பாடகர்கள் முன்னால் ஒரு பக்கமாக நின்றார்கள். அப்பா அங்கே போகவில்லை, ஆண்கள் பக்கத்தில் பின் வரிசையில் நின்றார். நான் திரும்பித் திரும்பிப் பார்த்தேன். பாட்டு தொடங்கியதும் அவர் வாயைத் திறந்தார், மூடினார், கடைசி வார்த்தை வரும்போது மட்டும் எல்லாரோடும் சேர்ந்து இழுத்தார். என்னோடு அம்மாவும் திரும்பிப் பார்த்தாள். பிறகு முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு முன்பக்கம் பார்த்தாள். எனக்கு அது விசித்திரமாக இருந்ததே தவிர, பொம்மையோடு அதற்கு ஏதாவது சம்பந்தம் இருக்கும் என்று தோன்றவில்லை.

ஜனவரியில் பள்ளிக்கூடம் திறப்பதற்கு முன் நோட்டுக் கொப்பி வாங்க அம்மா என்னை நுவரெலியாவுக்குக் கூட்டிப்போனாள். கொப்பி விற்கும் கடையில்தான் அந்தப் பொம்மையையும் நான் முதலில் பார்த்திருந்தேன். அக்டோபரில் அப்பாவோடு வந்தபோது கண்ணாடி அலுமாரிக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். வேண்டும் என்று கேட்கவில்லை. கேட்டால் கிடைக்கும் பொருளாகவும் அது தெரியவில்லை. இப்போது அதே அலுமாரியில் அதே மாதிரி இன்னொன்று இருந்தது.

அம்மா எதிர்க்கடையில் மண்ணெண்ணெய் வாங்கப் போன நேரத்தில், நான் கடைக்கார முதலாளியிடம் போனேன்.

"அந்தப் பொம்மை எவ்வளவுங்க?"

"பன்னெண்டரை. அம்மாவ வரச் சொல்லு, கொறச்சுத் தரலாம்."

ஆறும் இல்லை, பதினைந்தும் இல்லை. மூன்றாவதாக ஒன்று. நான் போகாமல் நின்றேன்.

"எங்கப்பா கிறிஸ்மஸுக்கு இங்கதான் வாங்கினாரு. அவரு எவ்வளவு குடுத்தாருங்க?"

அவர் மூக்குக்கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தார்.

"காதுல மப்ளர் கட்டிக்கிட்டு வருவாரே, அவரா? நல்லா ஞாபகம் இருக்கு. மூணு தடவ வந்து வெல கேட்டுட்டுப் போனாரு. நாலாவது தடவ பத்து ரூவா கையில வச்சிருந்தாரு. மிச்சத்துக்கு ஒரு சாக்கு லீக்ஸ். எங்க வீட்டுல ஒரு கெழம அதுதான் கறி."

"லீக்ஸா?"

"ஆமா. நல்ல லீக்ஸ். கழுவி, வேரெல்லாம் வெட்டிக் கொண்டாந்தாரு."

எங்கள் லயத்துக்குப் பின்னால் ஒரு சின்னக் காய்கறிப் பாத்தி இருந்தது. அதில் கொஞ்சம் பீன்ஸும் கொஞ்சம் கிழங்கும் போட்டிருந்தோம். வெங்காயத்தாள் மாதிரி தடித்து வளரும் லீக்ஸை ஒரு நாளும் அங்கே நட்டதில்லை. அம்மா மண்ணெண்ணெய்ப் போத்தலோடு வந்துவிட்டதால் மேற்கொண்டு கேட்க முடியவில்லை. பஸ்ஸில் வரும் வழியெல்லாம் யோசித்தேன். பத்து ரூபாய் எங்கிருந்து வந்தது, லீக்ஸ் எங்கிருந்து வந்தது, அப்பா ஏன் ஆறு என்றார்?

இரண்டு மூன்று நாள் பொறுத்திருந்தேன். பிறகு அப்பா பீலியில் குளிக்கப் போனபோது துவாயைத் தூக்கிக்கொண்டு நானும் பின்னாலேயே போனேன். மலையிலிருந்து மூங்கிலில் வந்து விழும் அந்தத் தண்ணீர் ஜனவரியில் பனிக்கட்டி மாதிரி இருக்கும். அவர் தலையை நனைக்கத் தயங்கி நின்ற நேரத்தில் கேட்டுவிட்டேன்.

"அப்பா, லீக்ஸ் ஏதுப்பா?"

அவர் திரும்பினார். "என்ன லீக்ஸு?"

"கடைக்கு ஒரு சாக்கு குடுத்தீங்களே."

அவர் தண்ணீரை விட்டு விலகி, கல்லின் மேல் உட்கார்ந்தார். கோபித்துக்கொள்வார் என்று பயந்தேன். அவரோ, எனக்கு எப்படித் தெரிந்தது என்பதைத்தான் முதலில் கேட்டார். சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"டவுனுக்கு இந்தப் பக்கம் ஒரு சிங்களவரு மரக்கறித் தோட்டம் வச்சிருக்காரு. கிறிஸ்மஸ் நேரம் பங்களாக்களுக்கும் ஓட்டல்களுக்கும் லாரி லாரியாப் போவும். ஞாயித்துக்கெழம ஆளு கெடைக்காது. அங்க போயி லீக்ஸ் புடுங்கிக் கழுவினேன். ஒரு நாளைக்கு ரெண்டரை ரூவா. கடைசி நாளு ஒரு சாக்கும் குடுத்தாரு."

"அப்ப பாட்டு?"

"பாட்டெல்லாம் ஒண்ணும் இல்ல."

"ஏம்ப்பா அம்மாகிட்ட சொல்லல?"

அவர் பாதத்தால் தண்ணீரை ஒதுக்கினார். "ஆறு நாளும் அடுப்பு முன்னால நிக்கிறேன். ஏழாவது நாளும் வேலைக்குப் போறேன்னா விடுவாளா? பத்து ரூவா கையில இருக்குன்னு தெரிஞ்சா அது அரிசியாப் போவும், கம்பளியாப் போவும். போவட்டும், தப்பில்ல. ஆனா நீ அந்த அலுமாரி முன்னால நின்னத நாந்தானே பாத்தேன்."

நான் கேட்கவே இல்லையே என்று சொல்ல நினைத்தேன். அவருடைய விரல்களைப் பார்த்தேன். நகத்தைச் சுற்றி வெடித்திருந்த இடங்கள் அப்போதுதான் ஆறிக்கொண்டிருந்தன. ஆலை வேலையால் வந்தவை என்று அதுவரை நினைத்திருந்தேன்.

"அம்மாகிட்ட சொல்லாத," என்றார். சரி என்று தலையாட்டினேன்.

தலையாட்டியது சுலபமாக இருந்தது. வைத்துக்கொண்டிருப்பது கஷ்டமாக இருந்தது. ஒரு நாள் அம்மா எனக்குத் தலை வாரிக்கொண்டிருந்தபோது, லீக்ஸைப் பற்றித்தானே சொல்லக்கூடாது, பாட்டைப் பற்றிக் கேட்கலாமே என்று தோன்றியது.

"அம்மா, அப்பாவுக்கு ஏன் அந்தப் புதுப் பாட்டு தெரியல?"

சீப்பு நின்றது. அம்மா சிரிக்கிறாள் என்பது அவள் முழங்கால் அசைவதில் தெரிந்தது.

"நாலு ஞாயித்துக்கெழமயும் அவரு சட்டைய தொவச்சது யாருன்னு நெனச்சே? கோயில்ல பாடுற மனுசன் சட்டையில லீக்ஸ் வாசம் வருமா? மொதக் கெழமயே எனக்குத் தெரியும்."

"அப்புறம் ஏன் கேக்கல?"

"மறைக்கணும்னு இவ்வளவு கஷ்டப்படுறாரு. நான் எதுக்குக் கேக்கணும்?" மறுபடி வாரத் தொடங்கினாள். இரண்டு பின்னலையும் முடித்துக் கட்டிய பிறகு, என் தோளைப் பிடித்துத் திருப்பினாள். அவள் முகத்தில் இருந்ததும் என்னைப் போன்ற ஆவல்தான்.

"நெசமா எவ்வளவு குடுத்தாரு? கடையில கேட்டியா?"

நான் பின்னலின் நுனியை விரலில் சுற்றினேன். அவள் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி, சொல்ல வேணாம். அவரு ஆறுன்னு சொன்னாரு. ஆறாவே இருக்கட்டும்."

இப்படியாக அந்த வீட்டில் எல்லாருக்கும் ஏறக்குறைய எல்லாம் தெரிந்திருந்தது. ஒருவரும் வாயைத் திறக்கவில்லை. எனக்கு அது வேடிக்கையாகவும், கொஞ்சம் பயமாகவும் இருந்தது. பெரியவர்கள் ஒருவரை ஒருவர் ஏமாற்றுவது சண்டையில்தான் முடியும் என்று நினைத்திருந்தேன். சண்டை எதுவும் வரவில்லை. அப்பாவுக்குக் குளிர்காய்ச்சல் வந்த ஒரு வாரம் மட்டும் அம்மா வழக்கத்தைவிட அதிகமாக முணுமுணுத்தாள். அவர் கைக்கு இரவல் வாங்கிய விளக்கெண்ணெயைத் தடவிவிட்டாள்.

அடுத்த டிசம்பர் வந்தது. முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பா கம்பளியை எடுத்தபோது அம்மாவும் தலையில் துணியைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"நீ எங்க?"

"பாட்டுப் பழகத்தான். எனக்கும் பாட வரும்."

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொல்லவில்லை என்று கையை விரித்தேன். பிறகு நாலு பேருமாகவே கிளம்பினோம், தம்பி அப்பாவின் தோளில்.

அந்த மரக்கறித் தோட்டத்தை நான் பார்த்தது அப்போதுதான். பாதைக்குக் கீழே சரிவு முழுக்க வரிசை வரிசையாக லீக்ஸ், நடுவில் ஒரு வாய்க்கால். அப்பா பிடுங்கிப் போட்டார், அம்மா வாய்க்காலில் இறங்கிக் கழுவினாள். நானும் கையை வைத்துப் பார்த்தேன். இருபது எண்ணுவதற்குள் விரல் மரத்துவிட்டது. தோட்டத்து முதலாளியின் மனைவி என்னையும் தம்பியையும் கூப்பிட்டுக் கருப்பட்டியும் சாயத் தேநீரும் கொடுத்து, அடுப்பருகே உட்கார வைத்தார்.

சாயங்காலம் முதலாளி அப்பாவுக்கு இரண்டரை ரூபாயும் அம்மாவுக்கு ஒன்றரை ரூபாயும் கொடுத்தார். அம்மா அதை உடனே முந்தானையில் முடிந்துகொள்ளவில்லை. உள்ளங்கையிலேயே வைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், தண்ணீர் ஆம்பிளைக்குக் குளிர்வதைவிடப் பொம்பிளைக்குக் குறைவாகவா குளிர்கிறது என்று கேட்டாள். அப்பா தரையைப் பார்த்தார். கொழுந்து மலையிலும் அந்த வித்தியாசம் இருந்தது. அங்கே அவள் கேட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை. முதலாளி சாக்குகளைக் கட்டத் திரும்பினார். அவர் மனைவிதான் வாசலில் நின்றபடி ஏதோ சொன்னார், வேகமாகச் சொன்னதால் எனக்குப் புரியவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கும் இரண்டரை கிடைத்தது.

கிறிஸ்மஸுக்கு மூன்று நாள் முன்பு நாலு பேரும் கடைக்குப் போனோம். தம்பி, சாவி கொடுத்தால் ஓடும் ஒரு தகர மோட்டார்க் காரைக் காட்டினான். எனக்குச் சப்பாத்து வேண்டும் என்று இந்தமுறை வாயைத் திறந்து கேட்டேன். அம்மா என்னை உட்காரவைத்து, பாதத்துக்கு ஓர் அங்குலம் பெரிதாகப் பார்த்து எடுத்தாள். விலையை அவளே பேசினாள். அப்பா பக்கத்தில் நின்று மோட்டாரின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கடை முதலாளி இரண்டு தடவை குறைத்தார், மூன்றாவது தடவை கையைக் கூப்பினார்.

பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. மிஞ்சிய சில்லறையில் அம்மா ஒரு பொட்டலம் பிஸ்கட் வாங்கினாள். பனிமூட்டத்தில் எதிரே இருந்த கடைகள்கூடத் தெரியவில்லை. பஸ் நிலையத்து வாங்குப் பலகையில் நாலு பேரும் நெருக்கி உட்கார்ந்து, முழுப் பொட்டலத்தையும் அங்கேயே தின்று முடித்தோம்.