உள்ளங்கையில் கற்பூரம்

என் முதல் படம் பேய்ப் படம். டிரெய்லர் வந்த அன்றே ஒரு புண்ணியவான் கமெண்ட் போட்டுவிட்டார்: "கற்பூரம் சீன் சுட்டது." அடுத்தவர் படத்திலிருந்து எடுத்தால் கோடம்பாக்கத்தில் அதற்குப் பெயர் சுட்டது. நான் மரியாதை என்று பெயர் வைத்திருந்தேன். படத்தின் முடிவில் நன்றி கார்டுகூடப் போட்டிருந்தேன். கார்டையெல்லாம் யார் படிக்கிறார்கள்?

அந்த சீன் ஒரு பழைய படத்தில் வருவது; சின்ன வயதில் டிவியில் பார்த்து நான் நடுங்கிய படம். செத்துப்போன மருமகள், உள்ளங்கையில் கற்பூரம் எரிய எரிய, இருட்டுக் கூடத்தில் மாமியாரை நோக்கி நடந்து வருவாள். வசனம் இல்லை, இசை இல்லை. பாதி தூரத்தில் அவள் கை நடுங்கத் தொடங்கும். முகம் மட்டும் அசையாது. பேய்ப் படப் பைத்தியங்கள் எல்லாரும் இன்றும் அந்த நடுக்கத்தைப் பற்றித்தான் பேசுவார்கள். "பேய் கையால் அழுகிறது" என்று நானே ஒரு பேட்டியில் அளந்திருக்கிறேன். இப்போது நினைத்தால் வாயில் அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

தயாரிப்பாளர் கொதித்துப் போயிருந்தார். "இன்னா நைனா, மானம் போய்க்கினு கீது. அந்தப் பழைய படத்துல பேயா நடிச்ச அம்மாவ இட்டாந்து படத்தக் காட்டு. நல்லதா ஒரு வார்த்தை சொன்னா சீன் இருக்கட்டும். மூஞ்ச சுளிச்சா அன்னிக்கே தூக்கிரு."

என் படத்தில் உருப்படியான சீன் அது ஒன்றுதான். அதுவும் என்னுடையது இல்லை என்பது வேறு விஷயம். அதைத் தூக்கினால் கிளைமாக்ஸே நிற்காது.

அந்த அம்மா ஒரே ஒரு படத்தில் நடித்துவிட்டு, சாந்தோம் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகப் போனவர். ஓய்வுபெற்று மந்தைவெளியில் இருந்தார். காரில் அழைத்துவரும்போது கமெண்ட் விஷயத்தை மறைக்காமல் சொன்னேன். கேட்டுக்கொண்டே வந்தார். வலது கையில் ஜெபமாலையைச் சுற்றி இறுக்கமாக மூடி வைத்திருந்தார். வடபழனி வருவதற்குள் நான் ஒரு பாட்டில் தண்ணீரைக் குடித்து முடித்திருந்தேன்.

சின்ன பிரிவியூ தியேட்டர். தயாரிப்பாளரோடு சேர்த்து நாங்கள் மூன்றே பேர். கற்பூர சீன் வந்ததும் நான் திரையைப் பார்க்கவில்லை, டீச்சரைத்தான் பார்த்தேன். முன்சீட்டைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிடுவது போல் குனிந்தார். உதடு அசைந்தது.

"போட்டுரு," என்று முணுமுணுத்தார். "கீழ போட்டுரு."

சீனைத் தூக்கிப் போடத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். தயாரிப்பாளரும் கேட்டுவிட்டார், என்னை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு திரையில் என்ன ஓடியதென்றே எனக்குத் தெரியாது.

விளக்கு வந்ததும் தயாரிப்பாளர் மெதுவாகக் கேட்டார். "டீச்சர், எப்டி கீது படம்?"

டீச்சர் என் பக்கம் திரும்பினார்.

"தம்பி, அந்தப் பொண்ணு கை இப்ப எப்படி இருக்கு?"

எனக்குப் புரியவில்லை. "அது கம்ப்யூட்டர் நெருப்பு டீச்சர். வெறும் கையோடதான் நடந்தா."

"அப்ப ஏன் கை நடுங்குச்சு?"

"உங்களப் பாத்துப் பழகினா. நான்தான் அப்படியே வேணும்னேன்."

டீச்சர் ஜெபமாலையைக் கழற்றி வலது கையை விரித்தார். உள்ளங்கை நடுவில் ரேகையே இல்லாமல் தோல் வழுவழுவென்று மின்னியது.

"அன்னிக்கு என் கைல வெத்தலை வச்சு அது மேலதான் கற்பூரம் வச்சிருந்தாங்க. வெத்தலை தெரியுது, பேய்க்கு எதுக்கு வெத்தலைன்னு டைரக்டர் அத எடுத்துடச் சொல்லிட்டார். பாதியில தாங்கல. அவர் கட் சொல்லுவார்னு பாத்தேன், சொல்லல. நான் புதுசு. கீழ போட்டா திட்டுவாங்களோன்னு பயம்." அந்த இடத்தை விரலால் தடவியபடி சொன்னார்: "சுட்டதுன்னு யாரோ எழுதினாங்கன்னீங்களே. சுட்டுச்சுதான் தம்பி."

தயாரிப்பாளர் தலையைக் குனிந்துகொண்டார். எனக்கு அழுகை வந்தது.

"சீன் இருக்கட்டும்," என்றார் டீச்சர். "ஆனா அந்தப் பொண்ணு கடைசியில அதக் கீழ போடட்டும்."

அந்தப் பெண்ணை மறுபடி வரவழைத்து அதை மட்டும் எடுத்துச் சேர்த்தோம். மாமியாருக்கு அருகில் வந்ததும் பேய் கையை உதறும்; கற்பூரம் தரையில் விழுந்து எரியும்.

படம் வெளியான அன்று ஒருவர் எழுதினார்: "அந்த மாதிரி சீனைக் கெடுத்து வச்சிருக்கான்." மந்தைவெளிக்குப் போய் டீச்சரிடம் படித்துக் காட்டினேன்.

"கெடட்டும்," என்றார்.