படலையில் தொங்கிய மாச்சாக்கு

ஆலை ஓடும்வரை எங்கள் ஒழுங்கையின் வீடுகளெல்லாம் நிம்மதியாகத் தூங்கும். ஆலை நின்றால்தான் விழித்துக்கொள்ளும். துறைமுகத்துக் கோதுமை மா ஆலையின் இரைச்சல் ராப்பகலாகக் கூரைத் தகரங்களில் அதிர்ந்துகொண்டே இருக்கும். வெளியூரிலிருந்து வந்த சொந்தக்காரர் யாராவது "உதென்ன சத்தம்?" என்று கேட்டால், "எந்தச் சத்தம்?" என்று நாங்கள் திருப்பிக் கேட்போம். துப்புரவு வேலைக்காக ஆலையை நிறுத்தும் நாளில் கைக்குழந்தைகள் அழும், நாய்கள் எழுந்து நிற்கும், ஆண்கள் வாசலுக்கு வந்து கோதுமைக் கோபுரங்கள் இருக்கும் பக்கம் பார்ப்பார்கள்.

அப்பா அந்த ஆலையில் வேலை செய்தார். ஒழுங்கையில் பாதிக்கு மேல் ஆலைக்காரர் வீடுகள்தான். வேலை முடிந்து வரும்போது அப்பாவின் புருவம், மீசை, காதுமயிர் எல்லாம் வெள்ளையாக இருக்கும். கிணற்றடியில் நாலு வாளி தண்ணீர் வார்த்துவிட்டு, முப்பது வயது குறைந்து வீட்டுக்குள் வருவார். எல்லாப் பிள்ளைகளின் அப்பாமாரும் வேலைக்குப் போனால் கிழவராகித்தான் திரும்புவார்கள் என்று நான் வெகுகாலம் நம்பியிருந்தேன். கச்சேரியில், அதாவது அரசாங்கக் கந்தோரில், வேலை செய்யும் மாமா ஒருவர் போன முகத்தோடேயே வீடு திரும்புவதைக் கண்டபோது, அவர் வேலையே செய்வதில்லை என்று முடிவு கட்டினேன். அந்த முடிவை இன்னும் முழுதாகக் கைவிடவில்லை.

ஆலை வேலை வாரத்துக்கு வாரம் ஒரு கிழமை காலை, ஒரு கிழமை பின்னேரம், ஒரு கிழமை இரவு என்று மாறி மாறி வரும். இரவு வேலைக்காரர் பகலில் நித்திரை கொள்ள வேண்டும். அதற்காக ஒழுங்கையில் எழுதாத சட்டம் ஒன்று இருந்தது. வாசல் படலையில் வெறும் மாச்சாக்கு தொங்கினால் உள்ளே ஒருவர் நித்திரை என்று அர்த்தம். அந்தப் படலையை யாரும் தட்டக்கூடாது, கூப்பிடக்கூடாது. சல்லிக் கிராமத்திலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருபவர் சாக்கைக் கண்டால் ஹோர்ன் அடிக்காமல் இறங்கி உருட்டிக்கொண்டு போவார். கிண்ணியாவிலிருந்து சீலை விற்க வரும் முஸ்லிம் நானாவிடம் பெண்கள் கிசுகிசுத்துத்தான் விலை பேசுவார்கள். "வாய் திறந்து சண்டை பிடிக்க ஏலாத ஒழுங்கையிலதான் எனக்கு யாவாரம் நல்லா நடக்குது" என்பார் நானா. சாக்கு தொங்கும் வீட்டில் ஆளை எழுப்ப இரண்டே காரணங்கள்தான் இருந்தன: ஒன்று நெருப்பு, மற்றது செத்தவீடு.

அம்மா தம்பலகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் தொண்டர் ஆசிரியையாக இருந்தார். அதாவது வேலை உண்டு, சம்பளம் இல்லை. என்றைக்காவது நிரந்தர நியமனம் கிடைக்கும் என்ற நம்பிக்கையில் ஏழு வருடமாக விடிய ஆறேகால் பஸ்ஸில் போய், பின்னேரம் மூன்று மணிக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். சம்பளம் இல்லையே தவிர, ஒழுங்கை முழுவதற்கும் அவர் ரீச்சர்தான். நேர்முகப் பரீட்சைக்கு அழைக்கும் கடிதம் வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்பது வீட்டில் வேதவாக்கு. குசினித் தரைக்குச் சீமெந்து போடுவது, அலுமாரியின் உடைந்த கதவை மாற்றுவது, எனக்குச் சைக்கிள் வாங்குவது எல்லாமே "கடிதம் வரட்டும்" என்ற ஒரு வசனத்தில் கட்டுண்டு கிடந்தன.

எனக்கு அப்போது பதினொரு வயது. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இரண்டரை மணிக்குக் கணக்கு மாஸ்ரர் வீட்டுக்கு வருவார். பின்னக் கணக்கில் பிழை விட்டால் நடு உச்சியில் குட்டுவார். பகுதி எண்ணுக்கு ஒன்று, தொகுதி எண்ணுக்கு ஒன்று. அப்பா இரவு வேலைக்குப் போகும் கிழமைகளில் மட்டும் சாக்கைக் கண்டு படலையோடேயே திரும்பிவிடுவார். அந்தக் கிழமைகள் எனக்குப் பொங்கலும் தீபாவளியும் சேர்ந்து வந்த மாதிரி.

மற்றக் கிழமைகளையும் பொங்கலாக்கினால் என்ன என்று ஒருநாள் எனக்குத் தோன்றியது. அப்பாவுக்கு அது பின்னேர வேலைக் கிழமை. ஒன்றரைக்கே போய்விடுவார். அம்மா வர மூன்று மணியாகும். நடுவில் வீட்டில் நான் தனி. ஒரு புதன்கிழமை சாக்கை எடுத்துப் படலையில் தொங்கவிட்டேன். மாஸ்ரரின் சைக்கிள் வந்து நின்று, ஒரு பெருமூச்சு விட்டு, திரும்பிப் போனதை ஜன்னல் சீலைக்குப் பின்னால் நின்று பார்த்தேன். பிறகு உள்ளறைக்குப் போய்க் கட்டிலில் கிடந்தேன். மூன்று மணிக்கு முன்னால் ஒழுங்கை முகப்பில் அம்மாவின் குடை தெரிகிறதா என்று படலையில் நின்று பார்த்து, தெரிந்ததும் சாக்கைக் கழற்றிக்கொண்டு உள்ளே ஓடினேன். வியாழனும் வெள்ளியும் அப்படியே போயின. என் புத்தியை நானே மெச்சிக்கொண்டேன்.

திங்கட்கிழமை அப்பாவுக்கு இரவு வேலைக் கிழமை தொடங்கிவிட்டது. ஞாயிறு இரவே போனவர், துறைமுகத்தில் கோதுமைக் கப்பல் நின்றதால் திங்கள் பகல் பதினொரு மணிக்குத்தான் வந்து படுத்தார். அன்றைக்குத் தொங்கியது உண்மையான சாக்கு. மூன்று மணிக்கு அம்மா வந்தார். கையில் நீளமான பழுப்பு உறை ஒன்று. பஸ் தரிப்பில் தபால்காரர் மறித்துக் கொடுத்தாராம்.

"ரீச்சர், கையெழுத்து வைச்சு எடுக்கிற கடிதம். புதன்கிழமையில இருந்து ரெண்டரைக்கு ரெண்டரைக்குக் கொண்டு திரியிறன். எப்ப வந்தாலும் உங்கட படலையில சாக்கு. அண்ணையை எப்பிடி எழுப்பிறது?" என்று அவர் சொன்னதை அம்மா அப்படியே என்னிடம் சொன்னார். கோபித்துச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு என்னைக் கொஞ்சநேரம் பார்த்தார்.

நேர்முகம் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு. ஏழு வருடம் வேலை செய்ததை உறுதிப்படுத்திப் பள்ளிக்கூட அதிபர் தரும் கடிதத்தைக் கட்டாயம் கொண்டுவர வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது. அதிபர் இருப்பதோ தம்பலகாமத்தில். வீட்டில் தொலைபேசி இல்லை. அம்மா கதிரையில் உட்கார்ந்து உறையை மடியில் வைத்துக்கொண்டார்.

"அப்பாவை எழுப்புங்கோ அம்மா."

"மனுசன் இரவு முழுக்க வேலை செய்துபோட்டுப் படுத்தது. விடு பிள்ளை. அந்தக் கடிதம் இல்லாமல் போய் என்ன செய்யிறது? இன்னொருக்காக் கூப்பிடுவினம்."

ஏழு வருடத்தில் முதல் முறையாகக் கூப்பிட்டவர்கள் இன்னொருக்கா எப்போது கூப்பிடுவார்கள் என்பது எனக்கே தெரியும். ஒழுங்கைச் சட்டத்தை அம்மா இந்த நேரத்திலும் மதிக்கிறாரே என்று நினைக்க எனக்கு அழுகை வந்தது. கெடுத்தது நான், தண்டனை அவருக்கு. நெருப்பும் இல்லை, செத்தவீடும் இல்லை. அறைக்குள் போய் அப்பாவின் காலைப் பிடித்து உலுக்கினேன். அவர் பாதிக் கண்ணைத் திறந்து "எங்கை நெருப்பு?" என்றார். அழுதுகொண்டே எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். கணக்கு, சாக்கு, தபால்காரர், அதிபர் என்று முன்பின்னாகக் கொட்டினேன்.

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். மோட்டார் சைக்கிளின் திறப்பை ஆணியிலிருந்து எடுக்கும் சத்தம்தான் கேட்டது.

"சப்பாத்தைப் போடு. நீயும் வாறாய்" என்றார் அப்பா. "நான் நித்திரை தூங்கினால் பின்னாலிருந்து கிள்ளுறதுக்கு ஒரு ஆள் வேணும்."

அதிபர் வயலில் நின்றார். முழங்கால் வரை சேறு. விஷயத்தைக் கேட்டதும் வாய்க்காலில் கையைக் கழுவிவிட்டு வந்தார். கடிதம் எழுதப் பத்து நிமிடம் போனது. முத்திரை பள்ளிக்கூட அலுமாரிக்குள், திறப்போ காவலாளியிடம், காவலாளி கந்தளாய்க்குக் கலியாணவீட்டுக்குப் போயிருந்தார். அவருடைய மனைவி பானைகளுக்குப் பின்னால் தேடித் திறப்புக் கோர்வையை எடுத்துத் தர இன்னும் ஒரு மணித்தியாலம். திரும்பும் வழியில் ஒரு தனியன் யானை வீதியோரத்தில் நின்று ஆறுதலாக வைக்கோல் தின்றுகொண்டிருந்தது. இரண்டு உழவு இயந்திரங்களுக்குப் பின்னால் நாங்களும் காத்து நின்றோம். அப்பா இரண்டு காலையும் தரையில் ஊன்றியபடி, ஹெல்மெட்டோடு, இருந்த இருப்பிலேயே குறட்டை விடத் தொடங்கினார். எனக்குக் கிள்ள மனம் வரவில்லை. அவர் சரிந்துவிடாமல் சேர்ட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, அந்த முதுகில் முகத்தை வைத்தேன். எவ்வளவு குளித்தாலும் அதில் கோதுமை வாசம் போகாது. யானை போக அரைமணி எடுத்தது. இன்னும் கொஞ்சம் நின்றிருக்கலாம் என்றுதான் எனக்கு இருந்தது.

மறுநாள் அம்மா என்னைப் பள்ளிக்கூடம் போகவிடவில்லை. நேர்முகத்துக்குத் தன்னோடு கூட்டிக்கொண்டு போனார். வெளியே நீள வாங்கில் வரிசையாகத் தொண்டர் ஆசிரியர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெயர் கூப்பிடும்வரை அம்மா என் கையை விடவில்லை. அவருடைய உள்ளங்கை ஐஸ்கட்டி மாதிரி இருந்தது. உள்ளே போனவர் கால்மணியில் வெளியே வந்தார்.

பிறகு கடற்கரைப் பக்கம் ஒரு கூல்பாரில் எனக்குச் சர்பத் வாங்கித் தந்தார். நான் குடிக்காமல், "மன்னிச்சுக்கொள்ளுங்கோ அம்மா. என்னாலதான்..." என்று தொடங்கினேன்.

"நான் உன்னைப் புதன்கிழமையே கண்டனான்" என்றார் அம்மா. "என்ர குடை உனக்குத் தெரிய முதல், நீ படலையில நிண்டு எட்டிப் பாக்கிறது எனக்குத் தெரிஞ்சது. சாக்கைக் கழட்டிக்கொண்டு ஓடினதும் தெரிஞ்சது."

"பிறகேன் ஏசேல்லை?"

அம்மா கடலைப் பார்த்தார். "இந்தக் கிழமை கடிதங்கள் வருமெண்டு அதிபர் செவ்வாய்க்கிழமை சொன்னவர். நேர்முகத்துக்குப் போய், இல்லையெண்டு சொல்லிப் போட்டினமெண்டால் பிறகு எதைச் சொல்லிக்கொண்டு காலமை எழும்பி பஸ் ஏறுறது? ஏழு வருசம், பிள்ளை. அந்தச் சாக்கைக் கண்ட உடன, தபால்காரரும் திரும்பிப் போகட்டும், கடவுளே, தொங்கினால் தொங்கட்டும் எண்டு இருந்திச்சு."

நேற்றுக் கதிரையில் இருந்துகொண்டு அப்பாவை எழுப்ப விடாததும் அதனால்தான் என்று எனக்குச் சர்பத் முடியும்போதுதான் விளங்கியது. அம்மா என்றால் பயமில்லாதவர் என்று நினைத்திருந்த எனக்கு அவர் மேல் கொஞ்சம் கோபமும், அதைவிடக் கூடுதலாக அன்பும் வந்தது. இரண்டு மாதத்தில் நியமனம் கிடைத்தது, அதே பள்ளிக்கூடத்துக்கு. குசினிக்குச் சீமெந்தும் போட்டோம்.

"இதை அப்பாவிட்டைச் சொல்லாதை. பாவம், நித்திரையில்லாமல் ஓடின மனுசன்" என்று அன்று அம்மா கேட்டுக்கொண்டார். நான் சொல்லவில்லை. அப்பா இப்போது ஓய்வு பெற்றுவிட்டார். நான் எழுதுவதை ஒரு வரி விடாமல் வாசிப்பார். ஆகவே இதை எழுதலாமா என்று போன கிழமை அம்மாவிடம் கேட்டேன்.

"எழுது" என்றார். "ஆனால் எண்டைக்கு வாசிக்கக் குடுக்கிறாய் எண்டு முதலே சொல்லிப்போடு. நான் அண்டைக்கு வீட்டில நிக்க மாட்டன்."