சேகர் ராவி ஏற்றிய டிஸ்ப்ளே கார்டு

கருவாட்டு வாசனையோடு கருகிய பிளாஸ்டிக் வாசனையும் சேர்ந்து வந்தால், பழவேற்காட்டில் நாங்கள் வைத்திருந்த பிரவுசிங் சென்டர்தான் எனக்கு ஞாபகம் வரும்...

கல்யாணமான புதிது. பஜாரில் ஒரு சின்ன அறை, ஒரே ஒரு கம்ப்யூட்டர், அதன் தலையில் ஒரு வெப் கேமரா. பக்கத்து அறை கருவாட்டுக் குடோன். கம்ப்யூட்டர் கோர்ஸ் படித்தவள் நான். என் வீட்டுக்காரர் சேகர், கோட்டைக்குப்பத்தில் படகு இஞ்சின் மெக்கானிக். கடை என் பொறுப்பு. ஆனால் ஸ்குரூ டிரைவர் மட்டும் அவர் கையை விட்டு இறங்காது!

அடுத்த தெரு தேசம்மா அக்காவின் புருஷன் துபாய் போனபோது அக்கா முழுகாமல் இருந்தாள். பிள்ளை பிறந்து தவழவே ஆரம்பித்துவிட்டது. அப்பன் இன்னும் முகம் பார்க்கவில்லை. அந்த வெள்ளிக்கிழமை அவருக்கு லீவு, மதியம் இரண்டு மணிக்குக் கேமராவில் வருவதாகப் போனில் சொல்லியிருந்தார். வாரம் முழுக்க அக்காவுக்கு அதே பேச்சு.

வியாழக்கிழமை, ஸ்கிரீனில் படம் வரவைக்கும் எங்கள் டிஸ்ப்ளே கார்டு மண்டையைப் போட்டது.

சேகர் அன்றைக்கே மெட்ராஸ் போய் ஒரு பழைய கார்டு வாங்கி வந்தார். வெள்ளி காலையில் மாட்டினால் ஸ்லாட்டில் உட்காரவே இல்லை. கார்டின் அடியில் இருந்த வெட்டு ஒரு பக்கம், ஸ்லாட்டில் இருந்த தடுப்பு இன்னொரு பக்கம்.

எங்கள் ஊரில் இஞ்சினுக்குச் சரியான ஸ்பேர் லேசில் கிடைக்காது. எந்த பார்ட்டையும் அரத்தால் ராவி எந்த இஞ்சினிலும் உட்கார வைத்துவிடுவார்கள். படகும் கடலுக்குப் போய்த் திரும்பிவிடும். அப்படிப் பழகிய கை சும்மா இருக்குமா?

"இன்னா சேகரு, வந்துருமா?" பிள்ளையோடு வாசலில் நின்ற அக்கா கேட்டாள்.

"இருக்கா, கொஞ்சம் இடிக்குது. ராவி வுட்டா குந்திக்கும்."

"ஐயோ வேணாம்யா, இன்னாத்துக்குத் தடுப்பு வச்சிருக்கானோ..."

நான் சொல்லி முடிப்பதற்குள் தடுப்பையே ராவித் தள்ளிவிட்டார். கார்டு ஜம்மென்று உட்கார்ந்தது. சுவிட்சைப் போட்டார். ஒரு 'டப்'... புகை... மதர்போர்டும் கார்டும் இரண்டும் காலி.

அந்தத் தடுப்பு வோல்டேஜுக்கானது என்று பிறகுதான் தெரிந்தது. கார்டு 3.3 வோல்ட்டில் ஓடும் பழைய ரகம், எங்கள் போர்டு 1.5 வோல்ட் ரகம். ஒன்றுக்கு ஒன்று ஆகாது, ஏறவே கூடாது என்றுதான் வைத்திருக்கிறான். எங்க ஆள் அதையே எடுத்துவிட்டார், மகராசன்!

அக்கா திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். பிள்ளையின் புது கவுனை நீவி விட்டுக்கொண்டு நின்றாள்.

சேகர் அரத்தை வீசிவிட்டு பைக்கை எடுத்தார். "ஏறுக்கா. பொன்னேரில சென்டர் கீது. ரெண்டு மணிக்குள்ள உன் வீட்டுக்காரரு மூஞ்ச காட்றேன்."

அக்கா, பிள்ளை, நான், எல்லோரும் அவர் பின்னால். கடையைப் பூட்டினோமா என்றுகூட ஞாபகம் இல்லை.

பொன்னேரியில் என் சாட் ஐடியைப் போட்டு உள்ளே போனோம். படம் கட்டம் கட்டமாக வந்தது. மூக்கு எது, மீசை எது என்றே தெரியவில்லை. குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. "தேசம்மா... பாப்பா எங்கம்மா மாதிரியே கீது..." அக்கா பிள்ளையை ஸ்கிரீனுக்குக் கிட்டே பிடித்தாள். அது நைனா முகத்தை நக்கி வைத்தது. நாங்கள் சிரித்தோம், அழுதோம், எல்லாம் செய்தோம்.

இப்போது எந்த சார்ஜரும் எந்த போனுக்கும் சேருகிறது, ராவ வேண்டிய வேலையே இல்லை. அந்தப் பாப்பா மெட்ராஸில் வேலை பார்க்கிறாள். ஊரோடு வந்துவிட்ட அவள் நைனா ஏரியில் படகில் இருந்தபடியே வீடியோ கால் போடுவார். "மீட்டிங்ல கீறேன் நைனா, அப்பறம் பேசு" என்று கட் பண்ணிவிடுவாள்.

பொங்கலுக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவள், ஆணியில் தொங்கிய அந்தக் கருகிய கார்டைப் பார்த்துவிட்டு, "இன்னாத்துக்கு சித்தி இந்தக் குப்ப?" என்றாள்.

"உங்க நைனாவ நீ மொத தபா பாக்கறதுக்கு நான் எரிச்ச கார்டும்மா அது" என்று சேகர் முழுக் கதையும் சொன்னார்.

கார்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து நைனாவை வீடியோவில் கூப்பிட்டாள்.

அவர் அடுத்த தெருவில்தான் இருந்தார்.