சுவரில் ஒரு சைக்கிள் பெல்

சீப்பு பாதி வழியில் நின்றது. காதுவரை வந்த வலக்கை அதற்கு மேல் வர மறுத்தது. தலைவாரும் நேரத்தில் இதென்ன அடம் என்று கையை உதறினேன். கண்ணுக்குள் மின்னல் வெட்டியது.

தென்காசி ஆஸ்பத்திரியில் டாக்டர் கையைத் தூக்கிப் பார்த்தார். நான் போட்ட சத்தத்தில் உடனே விட்டுவிட்டார். உறைந்த தோள் (தோள்மூட்டைச் சுற்றியுள்ள சவ்வு இறுகி, கை எழாமல் போவது) என்றார்.

"வலி தணிஞ்சதும் சுவத்துல விரலை நடக்க விடுங்க. குதிகாலைத் தூக்கக் கூடாது. கைதான் ஏறணும்."

"எப்ப சரியாகும்?"

"மெதுவாத்தான் வரும். ஆனா வந்துரும்."

அதுவரை என் கொண்டையை அத்தான் போட்டார். என் கணவர்தான், வீட்டு முன்பக்கம் சைக்கிள் கடை வைத்திருந்தார். டயருக்குள் டியூபைத் திணித்துப் பழகிய கை. குழாயடியில் பக்கத்து வீட்டுச் செல்லம்மா கேட்பாள்: "ஏக்கா, கொண்டை இன்னைக்கும் பஞ்சரா?"

சிரித்துக்கொள்ளலாம். சாரல் பருவத்தை என்ன செய்ய? குற்றாலத்து அருவியில் இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி நீரை வாங்காவிட்டால் எனக்கு அது குளியலே இல்லை. போன சாரலுக்கு, மற்றப் பெண்களின் மாற்றுச் சேலைகளுக்குக் காவல் உட்கார்ந்திருந்தேன். இன்னொரு சாரலை அப்படி விட எனக்கு மனமில்லை.

சுண்ணாம்புச் சுவரில் விரல் வழுக்கியது. அத்தான் யோசித்தார். தேய்ந்த பிரேக் கட்டை, அதற்கு மேல் பெடல் கட்டை, கிழிந்த கைப்பிடி ரப்பர் என்று வரிசையாகச் சுவரில் அறைந்தார். உச்சியில் ஒரு பெல்.

"இதை அடிச்சிட்டன்னா நீ சொஸ்தமாயிட்டட்டி."

விரல்கள் ஓணான் மாதிரி தொற்றி ஏறின. ஒரு கட்டை ஏறுவேன். குளிர் வந்தால் இரண்டு கட்டை இறங்குவேன். இறங்கும் நாளில் அழுதிருக்கிறேன். இந்தத் தோள் வந்தால் நீங்களும் அழுதுகொள்ளுங்கள், மறுநாள் சுவரிடம் போய்விடுங்கள்.

ஒருநாள் பெல் கைக்கு எட்டியது. அடிக்கப் போனவள் மேலே பார்த்தேன். பெல்லுக்கு ஒரு சாண் மேலே ஆணி பிடுங்கிய ஓட்டை.

"அத்தான், பெல் எப்படி இறங்கிச்சு?"

"சாரல் வரப்போகுதுல்லா… நீ மூஞ்சியத் தூக்கி வச்சிருந்த."

"கையத் தூக்கச் சொன்னா பெல்லை இறக்குதியளோ? பழைய இடத்துலயே அடிங்க."

அடித்தார்.

காற்றில் ஈரம் வாடை காட்டிய ஒரு காலையில், வலிக்குமென்று காத்திருந்த இடத்தில் வலி இல்லை. கட்டைவிரல் மேலே போய் அமுக்கியது. டிரிங்!

கடையிலிருந்து அத்தான் குரல்: "காத்தடிக்கணுமா அண்ணாச்சி? பம்பு அங்கனதான் கெடக்கு!"

மறுபடி அடித்தேன்.

"வாரேன்னு சொல்லுதேன்லா!"

மூன்றாவது தடவை, கடையில் ஸ்பானர் விழும் சத்தம். ஓடிவந்தவர் பெல்லைப் பார்க்கவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை. குனிந்து என் குதிகால்களைப் பார்த்தார். இரண்டும் தரையில் இருந்தன.

அந்தச் சாரலில், என் மாற்றுச் சேலைக்கு அத்தான் வெளியே காவல். அருவிக்குள் இடக்கை சட்டென்று உயர்ந்தது. வலக்கை சற்றுப் பிந்தி வந்து சேர்ந்தது.

இன்றும் அது பிந்தித்தான் எழுகிறது. வழியில் அந்தப் பிரேக் கட்டை, பெடல் கட்டை, கைப்பிடி எல்லாவற்றையும் தொட்டுவிட்டுத்தான் வரும். நான் அவசரப்படுத்துவதில்லை.