எந்நாளும் செல்லும்

உக்கடம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சைக்கிள் ஸ்டாண்டு நடத்திய லட்சுமணசாமியை ஊர் இரண்டு விஷயங்களுக்காக அறிந்திருந்தது. ஒன்று, டோக்கன் இல்லாமல் வந்து நின்றால் சொந்த மைத்துனனுக்கே சைக்கிளை விடமாட்டார். அந்த மைத்துனன் கோபித்துக்கொண்டு பவானிக்கு நடந்தே போய்விட்டதாகச் சொல்வார்கள். நடந்தெல்லாம் போகவில்லை, பஸ்ஸில்தான் போனார். ஆனால் கோபித்துக்கொண்டது உண்மை.

இன்னொன்று, அவரிடம் இருந்த இரண்டு டிக்கெட்டுகள்.

1967இல் வாங்கியவை. அன்னூர் ரோட்டில், கோவில்பாளையம் தாண்டி, ஒரு மில் முதலாளி ரங்கவிலாசம் என்ற பெயரில் கேளிக்கைத் தோட்டம் ஒன்றைத் திறந்தார். படகுக் குளம், குட்டி ரயில், நடுவில் ராட்டினத்தூரி. பனைமரத்துக்கு மேலே ஏறி இறங்குகிற தூரியை அதுவரை அந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. கல்யாணமான புதிதில் லட்சுமணசாமி மனைவி வள்ளியாத்தாளைக் கூட்டிக்கொண்டு போனார். வரிசையில் நின்று, அடுத்தது நாம்தான் என்ற நேரத்தில் மோட்டார் கருகிவிட்டது. முதலாளியே நாற்காலி போட்டு ஏறி நின்று கும்பிட்டு மன்னிப்புக் கேட்டார். கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, காத்திருந்தவர்கள் டிக்கெட்டில் எல்லாம் ஊதா மையில் முத்திரை குத்தச் சொன்னார்: 'எந்நாளும் செல்லும்.'

பெரிய மனசு. 'ஒரு வாரம் செல்லும்' என்று குத்தியிருந்தால் எத்தனையோ சங்கடம் மிச்சமாகியிருக்கும்.

மற்றவர்கள் அடுத்த வாரமே வந்து ஏறி, தலைசுற்றி, வாந்தியெடுத்து, மறந்துபோனார்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. அடுத்த மாசம், தீபாவளி கழியட்டும், தை பிறக்கட்டும் என்று தள்ளிக்கொண்டே போனதில், குளத்துக்குத் தண்ணீர் இல்லாமல் தோட்டத்தையே பூட்டிவிட்டார்கள். டிக்கெட்டுகள் டிரங்குப் பெட்டியில் வள்ளியாத்தாளின் கூறைப் புடவை மடிப்புக்குள் போய்ப் படுத்துக்கொண்டன.

அவற்றை எழுப்பியவர் முஸ்தபா. ஸ்டாண்டுக்குப் பக்கத்திலேயே படங்களுக்குச் சட்டம் போடும் கடை. சாமி படமானாலும் மக்கா படமானாலும் தலைவர் படமானாலும் ஒரே பயபக்தியோடு ஆணி அடிப்பவர். ஒருநாள் பேச்சுவாக்கில் டிக்கெட்டுகளைப் பார்த்தவர், சிவப்பு வெல்வெட் துணியில் பக்கம் பக்கமாக வைத்துக் கண்ணாடி போட்டுக் கொண்டுவந்து ஸ்டாண்டு மேசைக்கு மேலே மாட்டிவிட்டார். சைக்கிள் எடுக்க வந்தவர்கள் கேட்க, லட்சுமணசாமி சொல்ல ஆரம்பித்தார். சொல்லச் சொல்லக் கதை வளர்ந்தது. கருகிய மோட்டார் தீப்பிடித்தது. கும்பிட்ட முதலாளி அழ ஆரம்பித்தார்.

கதை சீனிவாசலு காதுக்குப் போயிற்று. அவர் கோவை அரும்பொருள் சேகரிப்போர் கழகத்தின் செயலாளர். பழைய தபால்தலை, தேய்ந்த அணா, தீப்பெட்டிப் படம் எல்லாம் வைத்திருப்பவர்கள் மாதம் ஒருமுறை கூடி, ஒருவர் சேகரிப்பை இன்னொருவர் மட்டமாகப் பேசிவிட்டுக் காப்பி சாப்பிடும் அமைப்பு அது. சீனிவாசலு பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்துவிட்டு, "நாட்டுலயே இந்த மாதிரி ரண்டு இருக்காதுங்க" என்றார். நாட்டில் அவர் திருப்பூரைத் தாண்டியதில்லை. இருந்தாலும் கழக விழாவில் லட்சுமணசாமிக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். மாலைப் பத்திரிகையில் படம் வந்தது. சட்டத்தின் ஒரு முனையை வள்ளியாத்தாள்தான் பிடித்திருந்தாள். படத்தில் அவளுடைய நான்கு விரல்கள் தெளிவாக விழுந்திருந்தன.

அதற்குப் பிறகு, திருட்டுப் போய்விடும் என்று சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து நடுச்சுவரில் மாட்டினார்.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில், 1995இல் ரங்கவிலாசத்தை மறுபடியும் திறந்துவிட்டார்கள். முதலாளியின் மகன், சறுக்கி விழுகிற தண்ணீர்க் குழாய் எல்லாம் புதிதாகப் போட்டு, பழைய ராட்டினத்தூரிக்கும் பெயின்ட் அடித்துவிட்டார். ஆட்டோவில் மைக் கட்டிக் கூவினார்கள். ஸ்டாண்டுக்கு வந்தவர்கள் எல்லாம், "அப்பறம் என்னங்க, டிக்கெட்டை எடுத்துட்டுக் கிளம்ப வேண்டியதுதானுங்களே" என்றார்கள். லட்சுமணசாமி சிரித்து வைத்தார். அன்றைக்குப் பிடித்தது கவலை.

அதே மாதத்தில்தான் வள்ளியாத்தாளுக்குக் கண் டாக்டர் நாள் குறித்தார். கண்ணுக்குள் பிரஷர். இடது கண்ணில் ஏற்கெனவே புகை மூடியாயிற்று. வலது கண்ணில் மிச்சமிருப்பதைக் காப்பாற்றத்தான் ஆப்பரேசன், போனது வராது, இருப்பதும் நிற்குமா என்பதைக் கட்டுப் பிரித்த பிறகுதான் சொல்ல முடியும் என்று டாக்டர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே வள்ளியாத்தாள் கேட்டாள்.

"ஏனுங்க, தூரிக்குப் போலாமுங்களா?"

"எந்தத் தூரிக்கு?"

"நம்ம தூரிக்குத்தான். ஆசுபத்திரியில போய்ப் படுக்கறதுக்கு முன்னால, இருக்கற கண்ணுல ஒருக்கா மேல இருந்து பாத்துக்கறனுங்க. ரண்டு பேருமாப் போயிட்டு வந்தரலாம்."

"அதுக்கென்ன புள்ள, புது டிக்கெட் வாங்கிப் போலாம்."

"புதுசு எதுக்குங்க? செவுத்துல தொங்குறது என்னதுங்க? நான் புதுச்சேலை கட்டிட்டு வரிசையில நின்ன டிக்கெட்டுங்க அது."

அவளுக்கு அந்தக் காகிதத்தின் மேல் தனி ஆசை எதுவும் இல்லை. அவரோடு ஏறுவதாக இருந்தது, ஏறவில்லை. அந்தப் பாக்கியைத்தான் கேட்டாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் வாய்விட்டுக் கேட்டது இது ஒன்றுதான் என்பது லட்சுமணசாமிக்கும் தெரியும். தெரிந்ததால்தான் நேரே சீனிவாசலுவிடம் ஓடினார்.

சீனிவாசலு பதறிப்போனார். "கிழிச்சுப்போடுவானுங்க வாசல்ல! ஒண்ணு போனா இன்னொண்ணு அனாதைங்க. ஜோடியா இருந்தாத்தானுங்க மதிப்பு."

இதை அப்படியே வீட்டில் வந்து சொன்னார். சொல்லியிருக்க வேண்டாம்.

"ஜோடியா இருந்தாத்தான் மதிப்புன்னு அந்தச் சங்கத்துக்காரருக்குத் தெரியுது" என்றாள் வள்ளியாத்தாள், வெங்காயம் உரித்துக்கொண்டே. "ஊட்டுல இருக்கறவருக்குத் தெரியலீங்களே."

உண்மையான பயம் வேறு. அதை அவர் முஸ்தபாவிடம் மட்டும் சொன்னார்.

"போய் நீட்டி, செல்லாதுன்னு சொல்லிப்போட்டான்னா?"

"முத்திரை இருக்குதுல்லண்ணா?"

"முத்திரை அப்பன் வெச்சது. வாசல்ல நிக்கறது மகனோட ஆளு. வரிசையில அத்தனை சனத்துக்கு முன்னால, 'ஏனுங்க பெரியவரே, இதெல்லாம் செல்லாதுங்க, அக்கட்டால நில்லுங்க'ன்னா என்ற மூஞ்சியை எங்க கொண்டுபோய் வெக்கறது?"

முஸ்தபா ஆணியைப் பல்லிலிருந்து எடுத்தார். "அப்பப் போகாதீங்கண்ணா. கண்ணாடிக்குள்ள இருக்கற வரைக்கும் செல்லும்."

சட்டம் போடுகிறவர் சொல்ல வேண்டிய வார்த்தைதான். ஆனால் லட்சுமணசாமியின் மொத்த மானமும் அந்த ஒரு வரியில்தான் நின்றுகொண்டிருந்தது. கொண்டுபோய்க் கொடுக்காதவரை எந்நாளும் செல்லும். கொடுத்துவிட்டால் ஒரே ஒருநாள் செல்லும், அல்லது அதுவும் செல்லாது. பத்திரிகையில் படம் வந்த மனிதர் இந்த ஆபத்தில் இறங்குவாரா?

வெயில் தணியட்டும் என்றார். பள்ளிக்கூடம் திறந்து கூட்டம் குறையட்டும் என்றார். கடைசியாக, "ஆப்பரேசன் முடியட்டும் புள்ள, நல்ல கண்ணோட போலாம்" என்றார்.

"நல்ல கண்ணு எங்கீங்க இருக்குது?" என்று கேட்டுவிட்டு வள்ளியாத்தாள் எழுந்து போய்விட்டாள். அதற்கப்புறம் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மனைவி கேட்பதை நிறுத்திவிட்டால் சம்மதித்துவிட்டாள் என்று எடுத்துக்கொள்வது கணவன்மார் வழக்கம். லட்சுமணசாமியும் எடுத்துக்கொண்டார்.

ஆஸ்பத்திரியில் சேர வேண்டியதற்கு முந்தின நாள் மத்தியானம் சாப்பிட வந்தவர் வீடு பூட்டியிருப்பதைப் பார்த்தார். சாவி வழக்கமான இடத்தில் இருந்தது. சோறு மூடி வைத்திருந்தது. சுவரில் சட்டம் நேராகவே தொங்கியது. உள்ளே ஒரு டிக்கெட்தான் இருந்தது. இன்னொன்று இருந்த இடத்தில் வெல்வெட் வெளுக்காமல் அடர்சிவப்பாக, காயம் மாதிரித் தெரிந்தது. திருப்பிப் பார்த்தார். பின்பக்கத்து ஆணிகளைப் பிடுங்கித் திரும்பவும் பிசகாமல் அடித்திருந்தார்கள். முஸ்தபா கடையில் இல்லாத நேரத்தில் கடையைப் பார்த்துக்கொள்வது அவர் மனைவி பாத்திமுத்துதான்.

பொழுது சாய்கிற நேரத்தில் இரண்டு பெண்களும் வந்து சேர்ந்தார்கள். தலையெல்லாம் கலைந்து, முகமெல்லாம் புழுதி.

"டிக்கெட் எங்க?"

"குடுத்துட்டனுங்க" என்றாள் வள்ளியாத்தாள். "என்றதை மட்டும்தான் எடுத்தேன். உங்களுது பத்திரமா இருக்குது. பாத்திமுத்து புதுசு வாங்கிட்டா."

"வாசல்ல என்ன சொன்னாங்க? செல்லும்னாங்களா?"

"ஒண்ணும் சொல்லலீங்க. ஒரு புள்ள உக்காந்திருந்துச்சு. வாங்குச்சு, ரண்டாக் கிழிச்சுச்சு, பாதியைக் கூடையில போட்டுது."

"பாத்துச்சா?"

"ஆரைங்க?"

"டிக்கெட்டை! முத்திரையைப் பாத்துச்சா, வருசத்தைப் பாத்துச்சா?"

பாத்திமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "எங்கீங்கண்ணா பாக்கறது? அந்தப் புள்ள பக்கத்துல இருந்தவகிட்ட மாமியாரைப் பத்திச் சொல்லிட்டு இருந்துச்சு. டவுன் பஸ் டிக்கெட்டை நீட்டியிருந்தாலும் கிழிச்சிருக்கும்."

லட்சுமணசாமி உட்கார்ந்துவிட்டார். செல்லாது என்று துரத்தியிருந்தால் கோபப்பட்டிருக்கலாம். ஓடிவந்து கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே அழைத்திருந்தால் பெருமைப்பட்டிருக்கலாம். ஒவ்வொரு டோக்கனையும் இருபுறமும் திருப்பிப் பார்த்தே வயதான மனிதருக்கு, பார்க்காமல் கிழித்தார்கள் என்பதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை.

"மறுபாதி?"

"மேல போறப்பக் காத்துல போயிருச்சுங்க."

மேலே என்ன பார்த்தாள் என்று கேட்க அவருக்கு அப்போது தோன்றவில்லை.

தோன்றியது ஆஸ்பத்திரியில். ஆப்பரேசன் முடிந்து, வலது கண்ணுக்குக் கட்டுப் போட்டு, ஆடாமல் அசையாமல் மல்லாந்து படுத்திருந்தாள். நர்ஸ் வந்து சொட்டு மருந்துப் பாட்டிலை வைத்துவிட்டுப் போனாள்.

"ஏம்புள்ள, அன்னிக்கு மேல இருந்து என்ன தெரிஞ்சுது?"

"நீங்களும் போய்ப் பாத்துட்டு வந்து சொல்லுங்க. ஒத்து வருதான்னு பாக்கலாம்."

"தனியாவா?"

"நான் மட்டும் உங்ககூடவா போனேன்?"

மறுநாள் ஸ்டாண்டைச் சாத்திவிட்டுப் போனார். சீனிவாசலுவிடம் கேட்கவில்லை. ஆணியைப் பிடுங்க மட்டும் முஸ்தபாவிடம் போக வேண்டியிருந்தது. முஸ்தபா ஒன்றும் பேசாமல் பிடுங்கிக் கொடுத்தார். அவருக்கும் வீட்டில் ஏதோ நடந்திருக்க வேண்டும்.

வாசலில் அதே பெண். லட்சுமணசாமி டிக்கெட்டை நீட்டி, "பாத்துக் கிழி அம்மணி" என்றார்.

"என்னத்தப் பாக்கறதுங்க?"

"முத்திரையைப் பாரு."

அவள் தலைகீழாகப் பிடித்து ஒரு தடவை பார்த்தாள். "நல்லாத்தானுங்க இருக்குது" என்று சொல்லிக் கிழித்தாள்.

தூரியில் இரண்டு பேர் உட்காரும் தொட்டில். "ஒத்தை ஆளா? ஓரத்துல வேண்டாமுங்க, நடுவுல உக்காருங்க" என்றான் ஓட்டுகிறவன். நடுவில் உட்கார்ந்தார். உச்சிக்குப் போனதும், கீழே ஆள் ஏறுவதற்காகத் தூரி நின்றது. அங்கேயே தொங்கிக்கொண்டிருந்தார். இடது கண்ணை இறுக்க மூடி, வலது கண்ணைப் பாதி மூடி, அவள் எப்படிப் பார்த்திருப்பாள் என்று முயற்சி செய்தார். வரவில்லை. எல்லாமே நன்றாகத் தெரிந்தது.

சாயங்காலம் கட்டிலுக்குப் பக்கத்தில் முக்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

"போனீங்களா?"

"போனேன்."

"பயமா இருந்துச்சுங்களா? நான் பாத்திமுத்து கையைப் பிடிச்சுட்டேன். அவ சுத்தி முடியற வரைக்கும் கண்ணை இறுக்க மூடிட்டு ஓதிட்டே இருந்தா. நீங்க ஆரு கையைப் பிடிச்சீங்க?"

"கம்பியைத்தான் புள்ள."

வள்ளியாத்தாள் சிரித்தாள். சிரிக்கவும் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். "செரி, சொல்லுங்க."

சொன்னார். பருத்திக் காடு, சோளக்காடு, ரோட்டில் தீப்பெட்டி மாதிரி பஸ், ஓட்டு வீடுகள். ஒவ்வொன்றுக்கும் அவள் "ஆமாமுங்க, ஆமாமுங்க" என்றாள். அவருக்கு உற்சாகமாகிவிட்டது.

"அப்பறம் எதுத்தாப்பல மலை."

"மலையா?"

"நீலகிரி. முழுசாத் தெரியுது. எவ்வளவு பெருசு! கையை நீட்டினாத் தொட்டரலாம் போல."

வள்ளியாத்தாள் "ஆமாமுங்க" என்று சொல்லவில்லை.

"எந்தப் பக்கமுங்க?"

"ஏறி நின்னா நேர் எதுக்க. தப்பவே தப்பாது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்பது அவருக்கு உறைத்தது.

"அன்னிக்கு மேகமா இருந்திருக்கும்" என்றார் அவசரமாக.

"நல்ல வெயிலுங்க" என்றாள். "கூட இருந்திருந்தீங்கன்னா, அதா அங்கன்னு தொட்டுக் காட்டியிருப்பீங்க."

கட்டு மறுநாள் பிரிப்பார்கள். அதுவரை ஒருக்களித்துப் படுக்கக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. அந்த உத்தரவு மட்டும் இல்லாதிருந்தால் வள்ளியாத்தாள் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருப்பாள்.